ஏழு மில்லிமீட்டர்

அத்தியாயம் 14

போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார்: “அந்தப் பிரேம்காரரை என் கையில் கொடுங்கள். ரெண்டே நிமிடத்தில் உண்மையைக் கக்க வைக்கிறேன்.” எனக்கும் அந்த ஆசை இருக்கிறதம்மா. பத்து மாதமாக மனிதர் வாயில் பசை போட்டு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் மட்டும் என்ன செய்ய?

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் டைம்கீப்பர் என்று கூப்பிடுகிறவள் பஸ் டிப்போவில் வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பி அனுப்புகிறவள். வயது நாற்பத்தாறு. வேலைக்குப் போகும் முன் தினமும் ஆறு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள். அவள் கணவர்தான் நம் பிரேம்காரர், படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருக்கிறார். ஒரு மயிரிழை கோணல் இருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது.

அந்தக் கோணல் பார்க்கிற கண்தான் வினையாகிப் போனது. போன வருடம் அவளுடைய ஓட்ட ஷூவில் அடிப்பாகம் வாயைப் பிளந்திருந்தது. அவர் பார்த்தார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கடைப் பசையைப் போட்டு ஒட்டி, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வாசலில் வைத்துவிட்டார். மழை பெய்த ஒரு காலையில் மேம்பாலப் படியில் அந்தப் பசை விட்டது. டைம்கீப்பர் எட்டுப் படி உருண்டாள். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போனது.

ஆஸ்பத்திரியில் அவர் அழுதார், அவள்தான் சிரித்துச் சமாதானம் சொன்னாள். “இனிமே உன் செருப்பு, ஷூ எதையும் உன்கிட்ட சொல்லாம தொடமாட்டேன்” என்று சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்துக்கு ஆயுசு ஏழு வாரம்.

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் அவரை வராந்தாவில் தனியாக நிறுத்தினார். எலும்பு கூடியதில் இடது கால் ஏழு மில்லிமீட்டர் குறைந்துவிட்டது, பெரிய விஷயமில்லை, செருப்பில் அந்த அளவுக்குத் தக்கை வைத்தால் போதும், நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார். பிரேம்காரர் உள்ளே போனார். கட்டிலில் இருந்தவள் நிமிர்ந்து, “நான் நொண்டியா ஆயிட மாட்டேன்ல?” என்று கேட்டாள்.

“சேச்சே!” என்றார்.

அந்த ஒரு சேச்சேதான். கடைக்குப் போய்த் தக்கை ஷீட்டை அளந்து வெட்டி, ஓரம் சீவி, அவளுடைய இடது செருப்புகளில் உள்சோலுக்கு அடியில் ஒட்டிவைத்தார். அவள் நடை நேரானது. தன்னுடைய பயிற்சியால்தான் நேரானது என்று அவள் நம்பினாள். டிப்போவே நம்பியது. டாக்டரோ கணவர் அப்போதே சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, பத்து நாளைக்கு முன் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “நல்ல ஷூவா வாங்கிக்கிட்டு மெதுவா ஓட ஆரம்பிங்க” என்று சொல்லிவிட்டார்.

அவர்களுடைய மகள், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவள், அன்றைக்கே விசாரித்து, அம்மாவுக்குக் கால் ஒடிந்ததையும் சொல்லி, ஒரு கடையில் நேரம் வாங்கிவிட்டாள். ஓடுகிறவர்களுக்கென்றே இருக்கிற கடை. அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. தினமும் போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும். அது தேய்ந்திருக்கிற தேய்மானத்தைப் பார்க்காமல் ஷூவை வெளியிலேயே எடுக்கமாட்டார்கள்.

இதைக் கேட்டதும் பிரேம்காரர் வாசலில் கிடந்த அவளுடைய இடது செருப்பைத் திரும்பிப் பார்த்தார். அங்கேதான் போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. டைம்கீப்பர் குளிக்கப் போயிருந்தாள். பிரேம்காரர் வாசலில் குந்தி உட்கார்ந்து, அவளுடைய இடது செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, மெல்லிய கத்தியால் உள்சோலை நெம்பிக்கொண்டிருந்தார்.

அவருடைய கணக்கு இதுதான். கடைக்காரர் செருப்பைத் தூக்கிப் பார்ப்பார், தக்கையைக் கண்டுபிடிப்பார், இது எதுக்கும்மா என்று கேட்பார், குட்டு உடையும். அதனால் தக்கையை எடுத்துவிட வேண்டியது. போக வரப் பதினைந்து பதினைந்து நிமிடம். அவ்வளவு நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது? திரும்பி வந்ததும் ஒட்டிவிடலாம். புது ஷூவிலும் சத்தமில்லாமல் ஒன்று வைத்துவிடலாம்.

கேட்பதற்கு எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது பாருங்கள். கச்சிதமாக யோசிக்கிறவர்கள் குடும்பத்தில் இருந்தால் வேறு எதிரியே வேண்டாம்.

“அப்பா, அம்மா செருப்ப வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?”

மகள் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். தக்கை அவர் சட்டைப் பைக்குள் போனது.

“தூசி தட்டுறேன்.”

“உங்க செருப்பையே நீங்க ஒருநாளும் தட்டுனது இல்லையே.”

“கடைக்குப் போறோம்ல. பாக்க நல்லா இருக்க வேணாமா?”

“அவங்க தேய்மானத்தத்தாம்பா பாப்பாங்க. பொண்ணு பாக்கவா வர்றாங்க?”

அவர் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் கூடவே நீண்டுவிட்டது. மகள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

டைம்கீப்பர் வந்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி தலையைப் படிய வாரி, பழைய ஓட்டச் சட்டையைப் பெட்டியடியிலிருந்து தேடி எடுத்துப் போட்டிருந்தாள். இடுப்பில் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது. அதைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பது போல இருவரையும் முறைத்தாள். யாரும் சொல்லவில்லை.

“கெளம்பலாமா? பத்து நிமிஷம் முன்னாடியே போயிடணும் எனக்கு.”

செருப்பைப் போட்டாள். இரண்டு படி இறங்கினாள். மூன்றாவது அடியில் நின்று காலைக் குனிந்து பார்த்தாள்.

“என்னம்மா?” என்றாள் மகள்.

“ஒண்ணுமில்ல. கால் மரத்துப் போச்சு போல. நட, சரியாயிடும்.”

சரியாகவில்லை. ஏழு மில்லிமீட்டர் என்பது சொல்லும்போது ஒன்றுமே இல்லை. ஆனால் பத்து மாதமாக அந்த ஏழு மில்லிமீட்டருக்குப் பழகிப்போன இடுப்புக்கு அது தெரியும். தெருமுனை வரும்போதே அவள் இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். கடைத்தெருவுக்கு வந்தபோது பேச்சு நின்றுவிட்டது.

அவர்களைத் தாண்டி ஒரு பஸ் போனது. எந்தப் பஸ் போனாலும் கைக்கடிகாரத்தைத் திருப்பி, “இவன் நாலு நிமிஷம் லேட்டு” என்று சொல்லாமல் டைம்கீப்பரால் இருக்கமுடியாது. வீட்டில் அதற்கு நிரந்தரக் கேலி உண்டு. அன்று அவள் அந்தப் பஸ்ஸைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பிரேம்காரர் அதைக் கவனித்தார். “வண்டி ஏதாவது புடிக்கட்டுமா?”

“பதினஞ்சு நிமிஷ நடைக்கு வண்டியா? ஓடுறதுக்கு ஷூ வாங்கப் போறேங்க. நடக்க முடியாம வண்டியில போய் எறங்குனா நல்லாவா இருக்கும்?”

சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினாள். சாய்வும் கூடியது. சட்டைப் பையில் அந்தத் தக்கை அவர் நெஞ்சைக் குத்திக்கொண்டே வந்தது. நிறுத்திச் சொல்லியிருக்கலாம். தெருவில் எத்தனை கடை வாசல், எத்தனை பெஞ்சு. சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு இந்த இடத்தில் அவரை ஒரு பள்ளத்தில் தள்ளியிருப்பேன், மகள் கூட இருந்ததால் விட்டேன்.

*

கடை நீளமாக, ரயில் பெட்டி போல இருந்தது. இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். பின்கதவைத் திறந்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்து, அதில் நேராக ஒரு நீலக் கோடு போட்டிருந்தது. வருகிறவர்களை அந்தக் கோட்டின்மேல் நடக்கவும் ஓடவும் விட்டுப் பார்ப்பார்கள்.

கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். மகள் சுட்டிக்காட்டியதும் நன்றி சொல்லி இறக்கிப் போட்டுக்கொண்டார்.

“செருப்பக் கழட்டுங்கம்மா.”

இரண்டையும் எடுத்துக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தார். குதிகாலைக் கட்டைவிரலால் தடவினார். பிரேம்காரர் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு. பரவாயில்லையே! கால் ஒடிஞ்சவங்க செருப்புன்னு யாரும் சொல்லமாட்டாங்க. நேரா நடக்குறீங்க.”

டைம்கீப்பரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது.

“சரி, அப்படியே இதப் போட்டுக்கிட்டு அந்தக் கோட்டு மேல நடந்து காட்டுங்க.”

நடந்தாள். போகும்போது பத்தடியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. திரும்பி வரும்போது அவளுக்கும் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று.

கடைக்காரர் செருப்பை மறுபடி வாங்கிப் பார்த்தார்.

“இது உங்க செருப்புதானேம்மா?”

“என்னுதுதான். தினம் இதத்தான் போடுறேன்.”

“ம்.”

இடது செருப்புக்குள் விரலை விட்டார். உள்சோலின் பின்பக்கம் ஒட்டாமல் எழும்பி நின்றது. நகத்தில் காய்ந்த பசைத் துணுக்கு வந்தது. அதைப் பார்த்தார், டைம்கீப்பரைப் பார்த்தார், கடைசியாக நிமிர்ந்து பிரேம்காரரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஷூ விற்கிறவர், சண்டை விற்கிறவர் இல்லையே.

“மொதல்ல அளவு பாத்துருவோம்” என்று இரும்பு அளவுப் பலகையைத் தரையில் வைத்தார்.

உட்கார வைத்து அளந்தார். நிற்க வைத்து அளந்தார். இடது பாதம் முன்னை விட அகன்றிருந்தது, பழைய நம்பரை விட அரை நம்பர் கூட வேண்டும் என்றார். முதலில் எடுத்த ஜோடியில் குதிகால் கழன்று கழன்று வந்தது. அடுத்தது சுண்டுவிரலைக் கடித்தது. மூன்றாவது ஜோடி, சாம்பல் நிறம். அதை மாட்டி, முன்னால் ஒரு கட்டைவிரல் அளவு இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து, கயிற்றைக் கணுக்காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். டைம்கீப்பர் விரல்களை உள்ளே ஆட்டிப் பார்த்தாள்.

“எப்படி இருக்கு?”

“அப்படியே கால புடிச்ச மாதிரி இருக்கு.”

“ஓடிப் பாருங்க. வேகமா வேணாம். சும்மா.”

கோட்டின் ஆரம்பத்தில் போய் நின்றாள். மூச்சை இழுத்து விட்டாள். பதினோரு மாதம் கழித்து ஓட்டத்துக்கு முதல் அடி வைத்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

நின்றுவிட்டாள். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“வேணாங்க. சிரமம் குடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க.”

“அம்மா, நேத்து வரைக்கும் நல்லாத்தானே நடந்தே?” மகள் பெஞ்சருகே வந்து நின்றாள்.

“அதான் எனக்கும் புரியல. நேத்து வரைக்கும் இருந்தது இன்னைக்கு எங்க போச்சு?” கயிற்றில் முடிச்சு விழுந்தது, அவள் விரல்கள் அதோடு போராடின. “விடு. ஓடித்தான் ஆகணுமா என்ன? நடந்தா போதாதா? நாப்பத்தாறு வயசுல யாரு பாக்கப் போறாங்க? வீட்டுக்குப் போற வழியில எல்லாருக்கும் காபி வாங்கித் தர்றேன், வாங்க.”

அழுதிருந்தால்கூடப் பிரேம்காரர் தாங்கியிருப்பார். காபி வாங்கித் தருகிறேன் என்று சொன்னாள் பாருங்கள், அதுதான் அவரை உடைத்தது. மேம்பாலப் படியில் விழுந்தபோதுகூட, “எப்ப ஓடலாம்?” என்றுதான் ஆம்புலன்சில் கேட்டவள் அவள். இப்போது அவரே, இந்தக் கையாலேயே, அவள் வாயிலிருந்து வேண்டாம் என்ற வார்த்தையை வரவழைத்துவிட்டார்.

சட்டைப் பையில் கையை விட்டார். தக்கையை எடுத்து, பெஞ்சில் அவள் பக்கத்தில் வைத்தார்.

“உன் கால்ல ஒண்ணும் இல்ல. இதுதான்.”

“என்னது இது?”

“காலையில உன் செருப்புலேருந்து எடுத்தேன்.”

அவள் தக்கையைப் பார்த்தாள். கையில் எடுக்கவில்லை.

பிரேம்காரர் சொன்னார். வராந்தா, டாக்டர், ஏழு மில்லிமீட்டர், சேச்சே, எல்லாவற்றையும் நின்ற இடத்தில் நின்று, தரையைப் பார்த்துச் சொன்னார். முன்னும் பின்னுமாகச் சொன்னார். கடைக்காரர் எதற்கோ பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்.

“வீட்டுச் செருப்புல?” என்று கேட்டாள் டைம்கீப்பர்.

“அதுலயும் இருக்கு.”

“டிப்போவுக்குப் போடுறது?”

“அதுலயும்.”

“பாத்ரூம் செருப்பு?”

“அது நனையும்னு வைக்கல.”

“அதானே பாத்தேன்! பாத்ரூம்ல மட்டும் சாயுறேன், ஈரத்தரை வழுக்குதுன்னு நெனச்சு தெனம் அதத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிக்கிட்டிருக்கேன் நான்!”

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். டைம்கீப்பர் சிரிக்கவில்லை.

“தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணீங்க.”

“பண்ணேன்.”

“என்னங்க நெனச்சீங்க என்னை? ஏழு மில்லி கொறஞ்சா நான் இடிஞ்சு போயிருவேன்னா?”

“நீ நொண்டியான்னு கேட்டே. எனக்கு வாய் வரல.”

“பதில் தெரிஞ்சுக்கத்தாங்க கேட்டேன்!”

குரல் சந்து வரைக்கும் போய்த் திரும்பியது. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னது மெதுவாக இருந்தது, அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“டிப்போவுல ஒரு கண்டக்டர். அவருக்கும் கால் ஒடிஞ்சுது, எனக்கு அப்புறம். விந்தி விந்தி நடப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மனசு வச்சா போதும், என்னைப் பாருங்க, நான் நடக்கலயான்னு சொன்னேன். எல்லாரு முன்னாடியும். அவர் மனசு வச்சு மனசு வச்சுப் பாத்துட்டு, எனக்கு வரமாட்டேங்குதும்மான்னு அன்னைக்கு அழுதார். அவருக்கும் இந்த மாதிரி ஒரு தக்கைதான் வேண்டியிருந்துதோ என்னமோ. நான் புத்தி சொல்லிட்டு வந்தேன்.”

பிரேம்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. தன் பொய் தன் வீட்டு வாசலோடு நின்றிருக்கிறது என்றுதான் இதுவரைக்கும் நினைத்திருந்தார். அந்த முகம் தெரியாத கண்டக்டர் நடந்து வருவதை நினைத்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“தப்புதான்” என்றார். “சப்பைக்கட்டு கட்ட ஒண்ணும் இல்ல. தப்பு.”

டைம்கீப்பர் எழுந்தாள். முடிச்சு விழுந்த ஷூவைக் காலாலேயே உதறிக் கழற்றினாள். வெறுங்காலோடு கோட்டின்மேல் போய் நின்றாள்.

“இங்க பாருங்க.”

அவர் பார்த்தார்.

“தரையப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க. கண்ண எடுக்காம.”

நடந்தாள். இடது பக்கம் சாய்ந்து, வலது பக்கம் எழுந்து, சந்தின் கடைசிவரை போனாள். திரும்பினாள். நேராக அவரைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தாள். ஒளிக்கவில்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. அவள் உண்மையான நடையை அவர் முழுதாகப் பார்த்தது அன்றுதான். பத்து மாதமாக அதைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தானே அத்தனை தக்கை.

எதிரில் வந்து நின்றாள்.

“பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“என்ன ஆச்சு உங்களுக்கு? ஒண்ணும் ஆகலல்ல?”

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

“எனக்கும் ஒண்ணும் ஆகியிருக்காதுங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன். அடுத்த நாள் நானே தக்கையத் தூக்கிட்டு வந்து வெட்டிக் குடுங்கன்னு உங்க கடை வாசல்ல நின்னிருப்பேன். நீங்க சரி பண்ணதுல எனக்கு வருத்தமில்ல. என்னை விட்டுட்டு எனக்கே சரி பண்ணீங்களே, அதுதான்.”

சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். மகள் ஒரு பக்கம் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். பிரேம்காரர் மறுபக்கம் உட்காரலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அவள் தலையை நிமிர்த்தாமலே பெஞ்சைத் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தார்.

*

கடைக்காரர் நல்ல மனுஷர். எப்போது திரும்பி வரவேண்டும் என்று தெரிந்திருந்தது. தக்கையைக் கையில் எடுத்து, அளவுகோலை வைத்துப் பார்த்தார்.

“யார் வெட்டுனது? சரியா ஏழு. ஓரமெல்லாம் சீவி, உறுத்தாம... வேலை தெரிஞ்சவர் கை.”

“அவரப் பாராட்டாதீங்க, இப்ப வேணாம்” என்றாள் டைம்கீப்பர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“சரிம்மா, அப்புறமா பாராட்டுறேன். இப்ப விஷயம் என்னன்னா, நடக்குறதுக்கு ஏழு சரி. இந்த ஷூவுலயே குதிகால் கொஞ்சம் உசரம், உள்ள எடமும் கம்மி. ஏழ வச்சா குதிகால் வெளிய வந்துரும். அஞ்சு வச்சு ஓடிப் பாருங்க. டாக்டர்கிட்டயும் காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. நீங்களே கேளுங்க.” அந்த ‘நீங்களே’யில் ஒரு அழுத்தம் இருந்தது.

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து பிரேம்காரரிடம் நீட்டினார்.

பிரேம்காரர் கத்தியை வாங்கினார். தக்கையை மேஜையில் வைத்தார். பழக்கத்தில் கை தானாகச் சீவக் கிளம்பியது. நிறுத்தினார். திரும்பி அவளைப் பார்த்தார்.

“சீவட்டுமா?”

இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒரு வேலையைத் தொடும் முன் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். டைம்கீப்பர் கொஞ்ச நேரம் அவரைக் காக்க வைத்தாள். அதில் அவளுக்கு உரிமை இருந்தது.

“சீவுங்க. நான் புடிச்சுக்கறேன்.”

எழுந்து வந்து தக்கையின் ஒரு முனையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள். அவர் மெல்ல மெல்லச் சீவினார். தூள் அவள் கையில் உதிர்ந்தது. ஆறு. ஐந்தரை. அவள்தான் அளவுகோலை வைத்துப் பார்த்துச் சொன்னாள், “இன்னும் கொஞ்சம்.” ஐந்து வந்தது. அவளே ஷூவின் உள்சோலைத் தூக்கினாள், அவளே தக்கையை உள்ளே தள்ளினாள், சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். அது தன் காலின் ஒரு பாகமாக அப்போதுதான் அவளுக்கு அறிமுகம் ஆனது. முடிச்சை மகள் பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு காலிலும் மாறி மாறி எடை போட்டுப் பார்த்தாள். சந்துக்குப் போனாள்.

இந்த முறை அவள் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. நான்காவது அடி தாண்டியது, பத்தாவது தாண்டியது, கோடு முடிந்தது, அவள் நிற்கவில்லை. சந்து முனையில் வலது பக்கம் திரும்பித் தெருவுக்குள் போய் மறைந்துவிட்டாள்.

“ஷூவுக்கு இன்னும் பில் போடலயே!” என்றார் கடைக்காரர்.

“வந்துருவாங்க” என்றாள் மகள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பிரேம்காரர் சந்தின் நடுவில் போய் நின்றார். தெருவில் யார் யாரோ போனார்கள். ஒரு சைக்கிள் போனது. ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். கால் தடுக்கியிருக்குமோ, இடுப்பு பிடித்திருக்குமோ, எங்கேயாவது உட்கார்ந்திருப்பாளோ என்று அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேடிக்கொண்டு போகலாமா என்று இரண்டடி வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அங்கேயே நின்றுகொண்டார். வரட்டும் என்று நின்றார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று உங்களுக்குத் தெரியும்.

வந்தாள். போன பக்கமில்லாமல் எதிர்ப் பக்கமாக, கட்டடத்தையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு வந்தாள். ஓட்டம் என்று சொல்ல முடியாது, வேக நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று. லேசாக இடது பக்கம் சாய்ந்துதான் ஓடினாள். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

“வலிக்குதா?” என்று ஓடிப் போய்க் கேட்டார் பிரேம்காரர்.

“மூச்சு வாங்குது. காலு இல்ல, மூச்சுதான்!” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. “கெழவியாயிட்டேங்க. ஒரு சுத்துக்கே நாக்கு தள்ளுது.”

கடையில் தண்ணீர் கொடுத்தார்கள். மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பழைய செருப்புகளைப் போட மகள் ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். டைம்கீப்பர் புது ஷூவைக் கழற்ற மனமில்லாமல் கால்களை முன்னால் நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு டிப்போவுல மொத வேலை அந்தக் கண்டக்டரப் பாக்கணும்” என்றாள். “மன்னிப்பு கேட்டுட்டு, டாக்டர்கிட்ட அளந்து பாக்கச் சொல்லணும். தக்கை வேணும்னு சொன்னா நீங்கதான் வெட்டிக் குடுக்கணும்.”

“குடுக்கறேன்.”

“எதுக்குன்னு அவருகிட்ட சொல்லிட்டு.”

“சொல்லிட்டுத்தான்.”

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல் இடுக்கில் இன்னும் தக்கைத் தூள் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டாள். முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

“ஏங்க. இதோட முடிஞ்சுதா? என்கிட்ட சொல்லாம வச்சிருக்கறது இன்னும் ஏதாவது இருக்கா?”

சும்மாதான் கேட்டாள். கோபம் தீர்ந்த பிறகு கேட்கிற கேள்வி, இல்லை என்று சொல்வார், எழுந்து போகலாம் என்றுதான் கேட்டாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இருந்த பிரேம்காரராக இருந்தால் “சேச்சே” என்று சொல்லியிருப்பார். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது எனக்கே தெரிந்தது.

அவர் மகளைப் பார்த்தார்.

மகள் கையில் பெட்டி அப்படியே நின்றது. முகத்தில் ரத்தம் இல்லை. தலையை லேசாக, சொல்லாதீர்கள் என்பதுபோல ஆட்டினாள்.

“அப்பா. வேணாம்பா.”

டைம்கீப்பர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிரேம்காரர் மனைவியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். இந்த முறை அவர் தரையைப் பார்க்கவில்லை.

“ஒண்ணு இருக்கு” என்றார்.

(தொடரும்)